ஜபருல்லாவின் பச்சை நூல்

பொறாமை என்றால் பக்கத்து ஊட்டுக்காரன் கார் வாங்கினான் என்று வருகிற பொறாமை இல்லைங்க. அது சில்லறை. நான் பட்டது மொத்த வியாபாரம். முப்பத்தாறு வருஷம், ஞாயிற்றுக்கிழமைகூட லீவு விடாமல், ஒரே ஆள் மேல், ஒரே காரணத்துக்காகப் பட்டேன். அதை மூட்டை கட்டி மேட்டுப்பாளையம் மண்டியில் இறக்கியிருந்தால் எட்டு லாரிக்குக் குறையாது.

அந்த ஆள் பெயர் ஜபருல்லா. என் பெயர் லட்சுமணசாமி. ரெண்டு பேரும் கோயமுத்தூர்க் கோர்ட்டில் வக்கீல் குமாஸ்தாக்கள். வேறு வேறு ஆபீஸ். அவர் கைபட்ட மனு ரிட்டர்ன் ஆகாது. என் கைபட்ட மனு ரிட்டர்ன் ஆகாமல் இருக்காது. காரணம் இவ்வளவுதான்.

கோர்ட்டுப் பக்கம் போகாத புண்ணியவான்களுக்காகச் சொல்கிறேன். வக்கீல் ஒரு மனுவை எழுதிவிட்டால் நேராக நீதிபதி எடுத்துப் படித்துவிடுவார் என்று நினைக்காதீர்கள். நடுவில் பைலிங் செக்‌ஷன் என்று ஒரு கண்ணாடித் தடுப்பு இருக்கிறது. குமாஸ்தா மனுவை அங்கே ஒரு தட்டில் வைக்க வேண்டும். அங்கே ஒருத்தர் உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் பார்ப்பார். பக்க எண் இல்லை, சட்டப் பிரிவு தப்பு, நகல் மங்கல், இன்ன இடத்தில் கையெழுத்து இல்லை என்று ஏதாவது இருந்தால் ஒரு சிலிப்பில் எழுதி, ஒட்டி, திருப்பித் தந்துவிடுவார். அதுதான் ரிட்டர்ன். சரிபண்ணி மறுபடி வைக்க வேண்டும். ஒரு குறையும் இல்லை என்றால் நம்பர் போடுவார். நம்பர் விழுந்தால்தான் மனு நீதிபதி மேஜைக்குப் போகும். நம்பர் விழாத மனு, டோக்கன் வாங்காத நோயாளி மாதிரி. வாசலில் செத்தாலும் டாக்டருக்குத் தெரியாது.

எனக்கு வந்த ரிட்டர்ன் சிலிப்புகளைச் சேர்த்து வைத்திருந்தால் மருதமலைக்குப் பக்கத்தில் இன்னொரு மலை எழும்பியிருக்கும். அதற்கும் படிக்கட்டு வெட்டி, அடிவாரத்தில் பொரி கடலை விற்றிருப்பார்கள். கோர்ட்டு டீக்கடையில் எனக்கு 'ரிட்டர்ன் சாமி' என்றே பெயர். சாயா போடுகிற சரவணன்கூட, டம்ளரை வைக்கும்போது, "அண்ணா, பாத்துச் சொல்லீருங்கொ, சக்கரை கம்மின்னு ரிட்டர்ன் பண்ணீராதீங்கொ" என்பான். சுற்றி நிற்கிற கறுப்புக் கோட்டெல்லாம் குலுங்கும்.

அங்கேயே ஒரு ஓரமாக ஜபருல்லா நிற்பார். சிரிக்கமாட்டார். அதுதான் எனக்கு எரியும். சிரித்துத் தொலைத்தால் என்ன?

முன்பெல்லாம் அபூர்வமாக ஒன்றிரண்டு உண்டு; கடைசிப் பதினோரு வருஷமாக அவருக்கு ஒரே ஒரு ரிட்டர்ன்கூட இல்லை. செக்‌ஷனில் இருந்த மோகனப்பிரியா லேசுப்பட்ட பெண்ணும் இல்லை. வெள்ளைத் தாளை நீட்டினால் அதிலேயே மூன்று குறை கண்டுபிடிக்கும். அவள் கல்யாணப் பத்திரிகையையே அச்சாபீசுக்கு நாலு தடவை திருப்பி அனுப்பினாள் என்று நான் ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். நிஜத்தில் ஒரு தடவைதான். அப்பேர்ப்பட்டவள் ஜபருல்லாவின் மனுக் கட்டை எடுத்தால், ஏதோ கல்யாண ஆல்பம் பார்க்கிற மாதிரிப் புரட்டி, டக்கென்று நம்பர் போட்டுவிடுவாள்.

ஏதோ வித்தை இருக்கிறது என்று முடிவு கட்டினேன். ரிட்டயர் ஆக ஒரு வருஷம் இருக்கும்போது துப்பறிய ஆரம்பித்தேன்.

முதலில் நேரம். சரியாகப் பத்து நாற்பதுக்குத்தான் வைப்பார். நானும் பத்து நாற்பதுக்குப் போக முயற்சி பண்ணினேன். பதினொன்றே கால் ஆகிவிடும். அது என் ஜாதகம். அடுத்தது கிராம்பு. வாயில் எப்போதும் ஒரு கிராம்பை ஒதுக்கி வைத்திருப்பார். தாளைப் புரட்டுகிற விரலிலும் அந்த வாசம். அந்த வாசம்தான் மோகனப்பிரியாவின் மூளையை மயக்குகிறது என்று கணக்குப் போட்டு நானும் கிராம்பு போட்டேன். ஒரே மாதத்தில் நாக்கு மரத்துப்போய், ரசத்துக்கும் பாயசத்துக்கும் வித்தியாசம் தெரியவில்லை. வீட்டுக்காரி கீதா கேட்டாள்: "ஏனுங்க, பல்லு வலியா?"

"இல்ல. வயித்தெரிச்சல்."

"அதுக்குக் கிராம்பா போடுவாங்க? சீரகமல்லொ போடோணும்."

அப்புறம் மேலட்டை. நாங்களெல்லாம் பழுப்பு அட்டை வைத்து வெள்ளை நூல் கட்டுவோம். அவர் மட்டும் டவுன்ஹால் பக்கம் ஒரு கடையில் சாம்பல் நிற அட்டை வாங்கி, ஓரத்தில் துளை போட்டுப் பச்சை நூலால் கட்டுவார். முடிச்சுகூட ஒரு தினுசு. பார்த்தால் பூ மாதிரி இருக்கும், இழுத்தால் ஒரே இழுப்பில் அவிழும். அந்த முடிச்சைக் கற்றுக்கொள்ள வீட்டு ஜன்னல் கம்பியில் மூன்று வாரம் பயிற்சி எடுத்தேன். கட்டை எப்போதும் முகம் கீழே இருக்கும்படி கவிழ்த்துத்தான் தட்டில் வைப்பார். நானும் கவிழ்த்து வைத்தேன்.

ரிட்டர்ன், ரிட்டர்ன், ரிட்டர்ன். இப்போது என்னவென்றால், சாம்பல் அட்டை போட்டு, பச்சை நூல் கட்டி, கிராம்பு மணக்க மணக்க ரிட்டர்ன் ஆனது.

இப்படியே போய் ஏப்ரல் கடைசி வெள்ளிக்கிழமை வந்தது. எனக்குக் கடைசி நாள். கோர்ட்டுக்கும் கடைசி நாள். மறுநாளிலிருந்து மே மாதம் முழுக்கக் கோடை விடுமுறை. அன்றைக்குப் பார்த்து எங்கள் வக்கீல் கிருபா மேடம் ஓர் அவசர மனுவை என் கையில் கொடுத்தார்.

மனுதாரர் தம்பிதுரை, தொண்டாமுத்தூர்க்காரர். நாலு ஏக்கர் நேந்திரன் வாழை, வெட்டுக்குத் தயார். லாரி உள்ளே வரப் பரம்பரையாக இருக்கிற ஒரே வண்டித்தடத்தில் பங்காளி கல்லுக்கால் நட்டு, கம்பி வேலி போடக் குழி தோண்டிவிட்டார். "யானை வந்தாக்கூட அந்தத் தடத்துலதானுங்க போகும்" என்றார் தம்பிதுரை, பரிதாபமாக. யானைக்கு வக்காலத்துப் போட வழியில்லை, தம்பிதுரைக்குப் போட்டோம். திங்கட்கிழமை வெட்டு. அதற்குள் இடைக்காலத் தடை வேண்டும். விடுமுறைக் கோர்ட் அடுத்த வாரம் நடுவில்தான் உட்காரும். அதற்குள் வேலி எழும்பி, வாழை பழுத்து, அணில் தின்றுவிடும். ஆகவே வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒரு மணிக்குள் நம்பர் விழ வேண்டும். விழுந்தால் சாப்பாட்டுக்குப் பிறகு கிருபா மேடம் எழுந்து, இது அவசரம், இன்றைக்கே எடுக்க வேண்டும் என்று கேட்பார். ஒரு ரிட்டர்ன் ஆனாலும் தீர்ந்தது.

"அண்ணா, இது ஒண்ணாவது..." என்றார் மேடம். மீதியைச் சொல்லவில்லை. நல்ல பெண்.

நான் சும்மா இல்லை. காலையில் ஆபீசில் கடைசி முறை படித்தபோது அபிடவிட்டின், அதாவது மனுதாரரின் பிரமாண வாக்குமூலத்தின், மூன்றாம் பக்கத்தில் சர்வே நம்பர் ஒன்று தப்பாக இருப்பதைக் கண்டுபிடித்தேன். நானே! அந்தப் பக்கத்தை மட்டும் புதிதாக அடித்து, பழையதை உருவி, புதியதைச் செருகி, பச்சை நூலை இறுக்கிக் கட்டினேன். என் கவனத்தை நானே மெச்சிக்கொண்டேன். பத்து இருபதுக்கெல்லாம் செக்‌ஷன் வாசலில் நின்றேன். தட்டு காலி. முப்பத்தாறு வருஷத்தில் முதல் தடவையாக முதல் ஆளாகக் கட்டை வைத்தேன். செக்‌ஷனுக்கு வெளியே பெஞ்சில் தம்பிதுரையை உட்காரவைத்து, "இங்கயே இருங்கொ, எங்கயும் போயராதீங்கொ" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனேன்.

இங்கே ஒரு வழக்கம் சொல்ல வேண்டும். தட்டில் மேலே இருப்பதைத்தான் முதலில் எடுப்பார்கள். அதனால் பின்னால் வருகிற குமாஸ்தா தன் கட்டை, ஏற்கெனவே இருக்கிற கட்டுக்கு அடியில் செருக வேண்டும். மேலே வைத்தால் சண்டை. ஜபருல்லா எப்போதும் முதலில் வருவார், மேலே இருப்பார். நான் கடைசியில் வருவேன், அடியில் கிடப்பேன்.

டீ குடித்துவிட்டு பதினொன்றே காலுக்குத் திரும்பி வந்தேன். தட்டில் ரெண்டு கட்டு. ரெண்டும் சாம்பல் அட்டை, பச்சை நூல், கவிழ்த்தபடி. மேலே இருந்த கட்டின் தாள்களைப் பின்பக்கமிருந்து மின்விசிறிக் காற்று புரட்டிக்கொண்டிருந்தது. எட்டிப் பார்த்தேன். மனுதாரர் பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட வேண்டிய அபிடவிட். ஐந்தாம் பக்கத்தில் அடியில் கையெழுத்து. நாலாம் பக்கத்தில் கையெழுத்து. மூன்றாம் பக்கத்தின் அடியில்... வெறும் வெள்ளை. மனுதாரர் கையெழுத்து இல்லை!

காற்று பக்கத்தை மூடிவிட்டது. எனக்கு மூச்சே நின்றுவிட்டது. ஜபருல்லாவா! பதினோரு வருஷ ஜபருல்லாவா!

நியாயமாகப் பார்த்தால் ஓடிப்போய், "பாய், மூணாம் பக்கத்துல கையெழுத்து விட்டுப்போட்டீங்க" என்று சொல்லியிருக்க வேண்டும். அரை நிமிஷ வேலை. அவர் கட்சிக்காரருக்கும் ஏதோ ஒரு தடம், ஏதோ ஒரு வாழை இருக்கும். நான் ஓடத்தான் ஓடினேன். டீக்கடைக்கு.

"ஏனப்பா சரவணா, அடுப்பை அணை! எல்லாரும் வாங்க. ஜபருல்லா பாய்க்கு இன்னைக்கு ரிட்டர்ன்!"

"என்னுங்க சாமியண்ணா, வெயிலு ஏறிப்போச்சா?" என்றார் ஒரு குமாஸ்தா.

"மூணாம் பக்கம் வெள்ளை! என் ரெண்டு கண்ணால பாத்தேன். பன்னெண்டு மணிக்கு மோகனப்பிரியா தட்டை எடுக்கும். வந்து பாருங்கொ!"

கூட்டம் சேர்ந்தது. இருபது பேர் இருப்பார்கள்; வீட்டில் நான் இருநூறு என்றுதான் சொன்னேன். ஜூனியர் வக்கீல்கள், குமாஸ்தாக்கள், ஸ்டாம்ப் விற்கிற லோகப்பிரியா, கையில் டீ வடிகட்டியோடு சரவணன். எல்லாரும் செக்‌ஷன் கண்ணாடிக்கு முன்னால் குவிந்தோம். ஜபருல்லாவும் வந்தார். கூட்டத்தைப் பார்த்துவிட்டு ஒரு கிராம்பை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். போடுங்க பாய், போடுங்க, இன்றைக்கு அது கசக்கும் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு ஆளின் கெடுதலுக்காக இவ்வளவு சந்தோஷப்பட முடியும் என்று எனக்கே தெரியாது. கல்யாணத்தன்றுகூட இப்படி நெஞ்சு அடித்துக்கொள்ளவில்லை. கீதா இதைப் படிக்கமாட்டாள்.

மோகனப்பிரியா மேல் கட்டை எடுத்தாள். முடிச்சை ஒரே இழுப்பில் அவிழ்த்தாள். வக்காலத்து பார்த்தாள். ஸ்டாம்ப் பார்த்தாள். மனு, பிரிவு, தேதி. அபிடவிட். ஒன்றாம் பக்கம். ரெண்டாம் பக்கம். மூன்றாம் பக்கம்.

நாலாம் பக்கம்.

புரட்டிவிட்டாள்! பார்க்காமலேயே! எனக்குத் தாங்கவில்லை. முப்பத்தாறு வருஷம் என் புள்ளியையும் கமாவையும் எண்ணின செக்‌ஷன், ஜபருல்லா என்றதும் கண்ணை மூடிக்கொள்கிறதா?

"அம்மணி!" என்று கத்தினேன். "நல்லாப் பாருங்க அம்மணி! மூணாம் பக்கத்தைத் திருப்பிப் பாருங்க! கையெழுத்தே இல்ல!"

செக்‌ஷன் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. மோகனப்பிரியா நிதானமாக மூன்றாம் பக்கத்தைத் திருப்பினாள். பார்த்தாள். பிறகு அட்டையை நிமிர்த்திப் பெயரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"கையெழுத்து இருக்குதுங்களே. ஏனுங்கண்ணா, உங்க பெட்டிஷனை நீங்களே காட்டிக் குடுக்கறீங்க?"

ஒரு நொடி யாருக்கும் புரியவில்லை. அப்புறம் எழுந்த சிரிப்பில் கண்ணாடித் தடுப்பு அதிர்ந்தது. சூலூரில் விமானம் கிளம்புகிற சத்தம் அதற்கு முன்னால் கொசு. சரவணன் வடிகட்டியைக் கீழே போட்டுவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்துகொண்டான். லோகப்பிரியா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஊரு ஆளைக் கூட்டிட்டு வந்து சொந்தத் தலையில மண்ணு போட்டுக்கிட்ட ஒரே ஆளு நீங்கதானுங்க சாமியண்ணா" என்றாள்.

மேலே இருந்தது என் கட்டு. நான்தானே அன்றைக்கு முதலில் வந்தேன்! முப்பத்தாறு வருஷமாக மேலே இருப்பது ஜபருல்லாவுடையது, அடியில் கிடப்பது என்னுடையது என்று பழகிப்போன கண், அன்றைக்கும் அப்படியே பார்த்துத் தொலைத்தது. அட்டை, நூல், முடிச்சு, கவிழ்ப்பு எல்லாம் நானே பார்த்துப் பார்த்து அவருடையது மாதிரி செய்து வைத்திருந்தேன். வேறு எப்படித் தெரியும்?

மோகனப்பிரியா முத்திரையைக் குத்தி நம்பர் எழுதினாள். என் வாழ்க்கையில் ரிட்டர்ன் ஆகாமல் நம்பர் விழுந்த முதல் மனு. கடைசி மனுவும் அதுதான். கொண்டாடியிருக்க வேண்டும். ஆனால் எனக்கு ஒன்று உறைத்தது. நான் பார்த்தபோது அந்தப் பக்கம் வெள்ளை; காலையில் புதிதாக அடித்துச் செருகினேனே தவிர, தம்பிதுரையிடம் கையெழுத்து வாங்கவே இல்லை. இப்போது கையெழுத்து இருக்கிறது. கண்ணாடி வழியாகப் பார்த்தேன். மற்றப் பக்கங்களில் தம்பிதுரை கையெழுத்து நீலப் பந்துமுனைப் பேனாவில். மூன்றாம் பக்கத்தில் மட்டும் கறுப்பு மை, பேனா முள். அந்தக் கோர்ட்டில் மை ஊற்றி எழுதுகிற பேனா கிராம்பு மணக்கிற ஒரே ஒரு சட்டைப்பையில்தான் இருக்கிறது.

வெளியே பெஞ்சுக்குப் போனேன். தம்பிதுரை நான் சொன்ன இடத்திலேயே அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

"யாராச்சும் வந்து கையெழுத்து வாங்குனாங்களா?"

"ஆமாங்க. பதினொன்றரை இருக்கும். உங்க ஆபீஸ் பாய் வந்தாருங்க. ஒரு தாள் விட்டுப்போச்சுன்னாரு. உள்ள கூட்டிட்டுப் போயி அந்த அம்மணிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுப்போட்டு, அவங்க முன்னாலயே போடச் சொன்னாரு. போட்டேன். ஏனுங்க, தப்புங்களா?"

"தப்பில்ல" என்றேன். நாக்கு மரத்திருந்தது. அன்றைக்குக் கிராம்புகூடப் போடவில்லை.

மத்தியானம் ரெண்டரைக்குக் கிருபா மேடம் எழுந்து அவசரம் என்றார். நீதிபதி நம்பரைப் பார்த்தார், படித்தார், ஜூன் விசாரணை வரைக்கும் தடத்தை மறிக்கக் கூடாது என்று இடைக்காலத் தடை கொடுத்தார். மொத்தம் ஏழு நிமிஷம். தம்பிதுரை என் கையைப் பிடித்துக்கொண்டு, "திங்கக்கெழமை லாரி வந்ததும் ஒரு தார் உங்களுக்குத்தானுங்க" என்றார். எல்லாரும் என் முதுகில் தட்டினார்கள். ஒவ்வொரு தட்டும் முள் மாதிரிக் குத்தியது. எனக்கு என்று இருந்த ஒரே ஒரு நம்பர். அதுவும் ஜபருல்லாவுடையது!

சாயங்காலம் அவரைச் சைக்கிள் ஸ்டாண்டில் மடக்கினேன்.

"பாய், எதுக்கு அப்படிப் பண்ணுனீங்க?"

"எப்படிங்க சாமியண்ணா?"

"என்ர கட்டுல கையெழுத்து வாங்குனீங்களே."

ஜபருல்லா அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அதை ஏன் கேக்கறீங்க. வெச்சதுக்கப்புறமும் ஒரு தடவை வந்து பாத்துட்டுப் போறது என்ர பழக்கம். மேல இருக்கறது என்னுதுதான்னு எடுத்துப் பாத்தேன். மூணாம் பக்கம் வெள்ளை. எனக்கு நெஞ்சு அடைச்சே போச்சுங்க. ராத்திரி இஸ்மத்து ஏழு தடவை பாத்துச்சு, எப்படி விட்டுச்சுன்னே புரியல."

"இஸ்மத்தா? உங்க ஊட்டுக்காரம்மாவா?"

"ஆமாங்க. கட்டை அதுகிட்டக் குடுப்பேன். அதுதான் எங்கூட்டு செக்‌ஷன். ஏழு தடவை ரிட்டர்ன் போடும். எட்டாவது தடவைதான் சோறு."

கிராம்பு இல்லை, நூல் இல்லை, அட்டை இல்லை. இஸ்மத்து! ஒரு வருஷம் ஜன்னல் கம்பியில் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன், மடையன்.

"செரி, பேரைப் பாத்தீங்கள்ல? என்னுதுன்னு தெரிஞ்சதுல்ல? வெச்சுட்டுப் போயிருக்கலாமல்லொ?"

அவர் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். "தெரிஞ்சுதுங்க. ஆனா அடைச்ச நெஞ்சு தெறக்க மாட்டேங்குதே? அது யாரு பக்கமா இருந்தா என்னுங்க, வெள்ளையா இருக்குதுன்னு பாத்தப்புறம் எப்படி டீ எறங்கும்? கையெழுத்து விழுந்தாத்தான் மூச்சு வந்துச்சு." சைக்கிளை எடுத்துக்கொண்டு சொன்னார்: "நீங்களா இருந்தாலும் அதைத்தானுங்க செஞ்சிருப்பீங்க."

எனக்கு டீ இறங்கியது. ரெண்டு டம்ளர் இறங்கியது.

"பின்னே? அதைத்தான் செஞ்சிருப்பேன்" என்றேன்.

"தெரியுமுங்க" என்று சொல்லிவிட்டு உக்கடம் பக்கம் மிதித்துப் போய்விட்டார். நான் கூட்டம் சேர்த்தது எதற்கு என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள் என்று நம்புகிறீர்களா? நானும் நம்பப் பார்க்கிறேன்.

ரிட்டயர் ஆகி ஒரு வருஷம் ஆகிவிட்டது. வாரத்துக்கு ஒரு நாள் கோர்ட்டு டீக்கடைக்குப் போய், சரவணனிடம் ரகசியமாகக் கேட்பேன்: "பாய்க்கு ரிட்டர்ன் ஏதாச்சும்?" அவன் உதட்டைப் பிதுக்குவான். பன்னிரண்டு வருஷம் ஆகிவிட்டதாம். சில நாள் ஜபருல்லாவே நிற்பார். யாராவது புதுக் குமாஸ்தா, "சாமியண்ணா, கடைசிப் பெட்டிஷன் ஒரே அடியில நம்பர் ஆச்சாமா?" என்று கேட்டால், அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஆமாங்க, சுத்தமான கட்டு" என்பார். ஒரு வருஷத்தில் ஒருத்தரிடமும் அந்தக் கறுப்பு மையைப் பற்றி அவர் சொல்லவில்லை.

அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. சொல்லித் தொலைத்திருந்தால், பாரு, பெருமையடிக்கிறான் என்று ரெண்டு திட்டு திட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். வாயைத் திறக்கமாட்டேன் என்கிறார் அந்த மனுஷர்.

ஆகவே நானே சொல்லிவிட்டேன். இதை எழுதி முடித்து, கீதாவிடம் கொடுக்காமல், சாம்பல் அட்டை போட்டு, பச்சை நூலும் கட்டிவிட்டேன். இதிலாவது, அவர் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொள்கிறேன்.